கரண்ட் வைக்கப் போகிறேன், அங்கே மற்ற பெண்களோடு பேசலாமா?

கேள்வி: ஜூன் 5, 2025

எனக்கு வயது 38. இடது மார்பில் புற்றுநோய்க் கட்டியை மட்டும் எடுத்தார்கள். கீமோ முடிந்துவிட்டது. வருகிற திங்கள் முதல் கரண்ட், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை. கீமோவுக்குப் போனபோது பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, தன் நாத்தனார் எப்படி இறந்தார் என்று இரண்டு மணி நேரம் சொன்னார். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அதிலிருந்து என் கணவர், "யாரோடும் பேசாதே, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்" என்கிறார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. கரண்ட் வைத்துக்கொண்டவர்கள் சொல்லுங்கள். பேசினால் பயன் உண்டா, பயம்தான் கூடுமா?

பதில்: ஜூன் 5, இரவு

பேசுங்கள். ஹெட்போனும் கைப்பையில் இருக்கட்டும், அது தேவைப்படும் நாளும் வரும்.

நான் 2019 மே 13 அன்று சென்னையில் ஆரம்பித்தேன். 25 நாள், அதன்மேல் கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் பூஸ்ட் என்று கூடுதலாக 5 நாள். சனி, ஞாயிறு கிடையாது. ஆறு வாரத்துக்கு மேல் இழுத்தது. மெஷினுக்கு அடியில் படுத்திருப்பது ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம். அதிலும் கதிர் வருவது ஓரிரு நிமிடம்தான். மீதி நேரம் கோட்டுக்கு நேராக உடம்பை நகர்த்தி நகர்த்திப் படுக்கவைப்பதற்கே போய்விடும். வெளியே பெஞ்சில் காத்திருந்ததோ தினமும் இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரம் இல்லாமல் போயிருந்தால் நான் பாதியில் ஊருக்கு ரயில் ஏறியிருப்பேன்.

உங்கள் கீமோ அம்மாவைப் போல ஒருவர் எங்களுக்கும் வாய்த்தார். மூன்றாம் நாளே திண்டிவனத்து அக்கா அவரிடம், "தப்பா நெனச்சுக்காதீங்க, பன்னெண்டு மணிக்கு முன்னால இங்க சாவுக்கதை கெடையாது" என்று சொல்லிவிட்டார். பன்னிரண்டுக்குள் எங்கள் எல்லாருக்கும் முடிந்து, கிளம்பிவிடுவோம். அந்த அம்மாவும் சிரித்துவிட்டார். அவரும் பயத்தில்தான் பேசியிருக்கிறார்.

ஜூன் 6

"யார் அந்தத் திண்டிவனத்து அக்கா" என்று கேட்டிருக்கிறீர்கள். பெஞ்சில் பெயரைவிட ஊர்தான் ஓடியது, இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். நான் திருச்சிக்காரி. திண்டிவனத்து அக்காவுக்கு அப்போது 61 வயது, கொல்லையில் கடலை போடுகிறவர், தினமும் பஸ்ஸில் வந்து போனார். ஆம்பூர் பாஜி (உருதுவில் பாஜி என்றால் அக்கா), நான் தங்கியிருந்த அதே சந்தில் அறை எடுத்திருந்தார். போரூர் டீச்சர் கணக்கு வாத்தியார். ஐந்தாவது ஒரு சின்னப் பெண், 29 வயது, ஐடி வேலை, வீட்டில் பதினான்கு மாதக் குழந்தை. வேளச்சேரிப் பாப்பா என்போம்.

என் கணவரும் முதலில் உங்கள் கணவர் சொன்னதைத்தான் சொன்னார். இரண்டாவது வாரம் அவரே, "இன்னைக்கு அக்கா என்ன கொண்டாந்தாங்க" என்று கேட்க ஆரம்பித்தார். அவித்த கடலைதான், வேறென்ன.

ஜூன் 8, ஞாயிறு

நாளைக்கு முதல் நாள். சிமுலேஷன் அன்று, அதாவது கதிர் படவேண்டிய இடத்தை அளந்து குறித்த நாளில், போட்ட கோடுகள் இருக்கும் அல்லவா? அவற்றைப் பற்றி எழுதவேண்டும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்களுக்கு ஊதா மையில் கோடு போட்டிருந்தார்கள். சில இடங்களில் கடுகளவு பச்சைகுத்திவிடுவார்கள், அது அழியாது. மைக்கோடு வியர்வையில் கரையும். அது மே மாதம், கத்திரி வெயில். கோடு மங்கிவிட்டதா என்று நாம்தான் பார்த்து அவர்களிடம் சொல்லவேண்டும். நாமே பேனாவை எடுத்து வரையக்கூடாது.

அறுவை முடிந்து ஏழு மாதமாகியும் நான் என் மார்பைப் பார்த்ததில்லை. குளிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வேன், துணி மாற்றும்போது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வேன். கணவரையும் பார்க்கவிட்டதில்லை. இரண்டாம் நாள் உடை மாற்றும் அறையில் அக்காவும் நானும் மட்டும் இருந்தோம். "என் கோடு இருக்குதா பாரு" என்று அவர் சட்டென்று துணியை விலக்கினார். அவருக்கு ஒரு பக்கம் முழுதும் எடுத்திருந்தார்கள். தட்டையாக, குறுக்கே ஒரு தழும்பு, அதைச் சுற்றி ஊதாக் கோடுகள். "இருக்குது அக்கா" என்றேன். "ஒன்னுது பாக்கட்டுமா" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கீழ்க்கோடு மங்கிருக்கு. மத்தபடி பலாக்கொட்டை அளவு ஒரு பள்ளம், அவ்வளவுதான். இதுக்கா கண்ணை மூடுற?" என்றார். அப்போதுதான் குனிந்து பார்த்தேன். பலாக்கொட்டை அளவுதான் இருந்தது.

எந்த டாக்டராலும் அதைச் செய்திருக்க முடியாது. அவர்கள் பார்த்தார்கள், தொட்டார்கள், எழுதிக்கொண்டார்கள். தன்னுடையதைக் காட்டிவிட்டு என்னுடையதைக் கேட்டவர் அக்கா ஒருவர்தான்.

நாளைக்கு முன்பக்கம் திறக்கிற பழைய ரவிக்கை போட்டுப் போங்கள். மை ஒட்டினால் போகாது.

ஜூன் 9

எப்படி இருந்தது? வலிக்கவில்லை, சத்தம்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், அவ்வளவுதான்.

ஜூன் 11

பக்கத்துப் பெண்ணுக்கு 25 நாள், எனக்கு 15 தானே என்று அழுதிருக்கிறீர்கள். இதற்கு நானும் ஒரு காரணம். என் 25 நாளைப் பெரிதாக எழுதிவிட்டேன். திருத்திக்கொள்கிறேன்.

பழைய முறை ஐந்து வாரம், 25 தடவை, மொத்தம் 50 கிரே (கிரே என்பது கதிரை அளக்கும் அலகு). பிரிட்டனில் நடந்த ஸ்டார்ட் ஆய்வில், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து 15 தடவையில் 40 கிரேயோடு முடித்தார்கள். பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது நோய் திரும்புவதில் அது பழைய முறைக்குக் குறைந்ததாக இல்லை. அப்புறம் 2020 இல் ஃபாஸ்ட் ஃபார்வர்ட் என்ற ஆய்வு வந்தது. அதில் ஒரே வாரம், 5 தடவை, 26 கிரே. நாள் குறைவு என்றால் மருந்து குறைவு என்று அர்த்தமில்லை. யாருக்கு எத்தனை என்பது கட்டி, நெறிகட்டி, அறுவை எல்லாம் பார்த்து அவர்கள் போடும் கணக்கு.

பெஞ்சிலே எண்ணிக்கையை ஒப்பிடுவது நாங்களும் செய்ததுதான். டீச்சர் ஒரு சின்ன நாட்காட்டியில் ஐந்து பேருக்கும் ஐந்து நிறத்தில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் பாப்பா அதைப் பார்த்துவிட்டு, "எனக்கு மட்டும் ஏன் மிஸ் கம்மி?" என்றாள். மறுநாள் முதல் டீச்சர் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார். உங்கள் பெஞ்சிலும் எண்ணிக்கை பேச்சு வந்தால் எழுந்து ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

ஜூன் 13

"பேரனைத் தூக்கலாமா" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். தூக்கலாம், கட்டிக்கொள்ளலாம், பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்ளலாம். வெளியிலிருந்து மெஷின் மூலம் வைக்கும் கரண்ட், சுவிட்சை அணைத்ததும் தீர்ந்தது. உடம்பில் எதுவும் தங்காது. தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் மருந்து குடிக்கிறவர்களுக்குச் சில நாள் விலகியிருக்கச் சொல்வார்கள். அதைக் கேட்டுவிட்டு யாரோ எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள்.

வேளச்சேரிப் பாப்பாவுக்கு மாமியார் இதைத்தான் சொல்லியிருந்தார். எட்டு நாள் அவள் குழந்தையைத் தொடவில்லை. கதவுக்கு வெளியே நின்று கை காட்டிவிட்டு மாடிக்குப் போய்விடுவாள். எங்களிடமும் சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் பாஜி தன் செல்போனில் பேத்தி படத்தைக் காட்டியபோது உடைந்து அழுதாள். பாஜி அவள் கையைப் பிடித்து டெக்னீஷியன் தம்பியிடம் நேராக இழுத்துக்கொண்டு போனார். "இதுக்கு வெளக்கமா சொல்லுப்பா, இதோட மாமியாருக்கும் போன்ல சொல்லு." அந்தத் தம்பி நிஜமாகவே போனில் சொன்னான்.

பாப்பாவுக்கு இடது பக்கம். உங்களுக்கும் அதுதான். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்கிறார்களா? நெஞ்சு விரிந்தால் இதயம் கதிரின் வழியிலிருந்து விலகும், அதற்காகத்தான். அவளால் முதலில் பத்து வினாடிகூடப் பிடிக்க முடியவில்லை. பெஞ்சில் ஐந்து பேரும் சேர்ந்து மூச்சைப் பிடித்துப் பழகினோம், பாஜி உருதுவில் எண்ணுவார். உள்ளே மைக்கில் "மூச்சை இழுங்க" என்றதும் காதில் பாஜியின் ஏக், தோ, தீன் தான் கேட்கிறது என்பாள்.

ஜூன் 16

இன்று மெஷின் ஓடவில்லையா? ஒருநாள் இரண்டுநாள் தள்ளிப்போனால் எப்படி ஈடுகட்டுவது என்று அவர்களுக்குத் தெரியும், கேளுங்கள். மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள்.

எங்களுக்கு இரண்டாவது வாரம் இரண்டு நாள் நின்றது. முதல் நாள் மதியம் ஒரு மணி வரை யாரும் எதுவும் சொல்லவில்லை. அக்கா திண்டிவனத்திலிருந்து மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்து, ஒன்றும் நடக்காமல் மூன்று மணி நேரம் திரும்பிப் போனார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் ஆறவில்லை. ஒரு போன் செய்திருக்கலாம்.

அன்று சாயங்காலமே டீச்சர் ஒரு ஏற்பாடு செய்தார். அறை எடுத்துப் பக்கத்தில் தங்கியிருப்பது நானும் பாஜியும். காலை ஏழு மணிக்கு எங்களில் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு மிஸ்டு கால் கொடுக்கவேண்டும். ஒன்று கொடுத்தால் மெஷின் ஓடுகிறது, கிளம்பு. இரண்டு கொடுத்தால் கிளம்பாதே. அதற்கப்புறம் அக்கா ஒரு நாளும் வீணாக வரவில்லை. எங்கள் ஐந்து பேரில் தொடங்கியது, ஜூன் முடிவதற்குள் பதினாறு பேருக்குப் போய்க்கொண்டிருந்தது. பாதிப் பேரின் முகம்கூட எனக்குத் தெரியாது.

ஜூன் 18

தோல் சிவக்க ஆரம்பித்ததும் நிறையப் பேர் நிறையச் சொல்வார்கள். மஞ்சள், சந்தனம், தேங்காய் எண்ணெய், நெய். ஆளுக்கு ஒன்று. நானும் ஒன்று சொன்னேன், அதை இங்கே எழுதியாகவேண்டும்.

அந்தச் சந்தில் ஒரு வீட்டு வாசலில் கற்றாழை இருந்தது. நான் ஒரு மடலைப் பிளந்து பாஜிக்குக் கொடுத்தேன். குளிர்ச்சி, பிள்ளைகளுக்கே தடவுவோம் என்றேன். இரவெல்லாம் அவருக்கு அரிப்பு. மறுநாள் அக்குளில் தோல் வழண்டிருந்தது. கரண்டினால் அது எப்படியும் நடந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார், ஆனால் அந்த அரிப்புக்கு நான்தான் காரணம். பாஜி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நோன்புக் கஞ்சி வாங்கி வந்தபோது எனக்கும் ஒரு தூக்கில் கொண்டுவந்து கொடுத்தார். நான்தான் மூன்று நாள் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் திரிந்தேன்.

அதனால் சொல்கிறேன். எது பூசுவதென்றாலும் அங்கேயுள்ள நர்ஸைக் கேட்டுவிட்டுப் பூசுங்கள். நாங்கள் ஒருவருக்கொருவர் துணியும் நேரமும் கொடுத்தது நல்லபடி முடிந்தது. மருந்து கொடுத்ததுதான் வம்பாகியது.

துணியைப் பற்றி: துவைத்துத் துவைத்து நைந்த வேட்டியைவிட மேலானது எதுவும் கிடையாது. மார்புக்கு அடியில் மடிப்பில்தான் வியர்வை தேங்கி முதலில் புண்ணாகும். வேட்டித் துண்டை நாலாக மடித்து அங்கே வைத்துக்கொள்ளுங்கள். பாடி வேண்டாம். டீச்சர் தன் அப்பாவின் வேட்டிகளைக் கிழித்து எங்கள் எல்லாருக்கும் கையில்லாத சட்டை தைத்துக்கொண்டு வந்தார், பக்கவாட்டில் நாடா வைத்து.

ஜூன் 19

குளிக்கலாமா என்று கேட்டதற்குப் பதில் விட்டுப்போனது. குளிக்கலாம். ஒரு காலத்தில் தண்ணீரே படக்கூடாது என்பார்களாம். இப்போது வெதுவெதுப்பான தண்ணீரில், வாசனை இல்லாத சோப்பில், தேய்க்காமல் கழுவி ஒற்றியெடுக்கச் சொல்கிறார்கள்.

எங்களுக்குத்தான் குளிக்கத் தண்ணீர் இல்லை. 2019 ஜூன் என்றால் சென்னைக்காரர்களுக்கு நினைவிருக்கும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்தன. எங்கள் சந்துக்கு லாரி வரும் நேரம் நான் பெஞ்சில் இருப்பேன், பாஜி முறை முடிந்து திரும்பியிருப்பார். அவர் இரண்டு குடம் தனக்கு, இரண்டு குடம் எனக்குப் பிடித்துவைப்பார். பிடித்ததை அவர் தூக்கக்கூடாது, வலது அக்குளில் நெறி எடுத்த கை. அந்தத் தெருப் பையன்களை அதட்டித் தூக்கவைப்பார். எரிகிற தோலில் முதல் சொம்புத் தண்ணீர் விழும்போது இருக்கும் சுகத்தை என்னவென்று எழுதுவது.

ஜூன் 22

ஒன்று சொல்ல மறந்தேன். இப்படிக் கூடிப் பேசுகிறவர்கள் கூடுதல் நாள் வாழ்கிறார்கள் என்று ஆய்வே இருக்கிறது. 1989 இல் டேவிட் ஸ்பீகல் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் லான்செட் இதழில் எழுதியது. நோய் பரவிவிட்ட 86 பெண்களில், வாரம் ஒருமுறை குழுவாகக் கூடியவர்கள் சராசரியாக 36.6 மாதம் இருந்தார்கள், கூடாதவர்கள் 18.9 மாதம். உங்கள் கணவரிடம் காட்டுங்கள்.

ஜூன் 24

மேலே எழுதியதை அப்படியே விடமுடியாது. ஒருவர் சுட்டிக்காட்டியது சரி. 2001 இல் கனடாவில் 235 பெண்களை வைத்து அதையே திரும்பச் செய்தபோது ஆயுள் கூடவில்லை. 2007 இல் ஸ்பீகலே மறுபடி செய்து பார்த்தபோதும், மொத்தத்தில் பார்த்தால் கூடவில்லை. கனடா ஆய்வில் குறைந்தது வலியும் மனவேதனையும், அதுவும் முன்பே அதிகம் துன்பப்பட்டவர்களுக்கு.

இது தெரிந்தும் ஏன் ஞாயிற்றுக்கிழமை அப்படி எழுதினேன் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். உங்கள் கணவரை ஒத்துக்கொள்ளவைக்கப் பெரிய எண்ணாக ஒன்று வேண்டியிருந்தது. அது சரியில்லை.

போரூர் டீச்சர் 2021 இல் போய்விட்டார். எலும்பில் வந்தது, பிறகு ஈரலில். எங்கள் எல்லாரையும்விட அதிகம் பேசியவர், சிரித்தவர், பதினாறு பேருக்கு மிஸ்டு கால் வரிசை போட்டுக்கொடுத்தவர். கூடிப் பேசினால் ஆயுள் கூடும் என்றால் அவர் எதில் குறைவைத்தார்? தைரியமா இருந்தா ஜெயிச்சிடலாம் என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் சொல்கிறார்கள். டீச்சர் வீட்டில் துக்கத்துக்குப் போனபோதும் ஒருவர் சொன்னார், "கடைசில மனசு விட்டுட்டாங்க போல." எழுந்து வெளியே வந்துவிட்டேன். அவர் மனசு விடவில்லை. நோய் பெரிதாக இருந்தது.

வலியும் வேதனையும் குறையும் என்பது எனக்குப் போதும். உங்கள் கணவரிடம் அதைச் சொல்லுங்கள்.

ஜூன் 25

பன்னிரண்டு மணிக்கு முன்னால் சாவுக்கதை சொல்லிவிட்டேன் என்று திட்டியிருக்கிறீர்கள். அக்காவும் திட்டுவார். மன்னியுங்கள்.

ஜூன் 28

இப்படி முறையாக யாரும் நடத்துகிறார்களா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மார்பை எடுத்த ஒரு பெண் இன்னொரு பெண்ணை மருத்துவமனைக்கே போய்ப் பார்ப்பது என்பதை 1952 இல் நியூயார்க்கில் டெரீஸ் லாசர் தொடங்கினார். ரீச் டு ரிகவரி என்று பெயர். பிறகு பல நாடுகளுக்குப் போனது. நம் ஊரில் அடையாறு புற்றுநோய் நிலையத்தை முத்துலட்சுமி ரெட்டி 1954 இல் தொடங்கியதற்குப் பின்னாலும் புற்றுநோயில் போன அவருடைய தங்கை இருக்கிறார். உங்கள் மருத்துவமனையில் மனநல ஆலோசகர் இருந்தால் அவரிடமும் கேளுங்கள்.

கை தூக்க முடியவில்லை என்றீர்களே, சுவரில் விரலால் ஏறும் பயிற்சி செய்கிறீர்களா? நாங்கள் காத்திருக்கும் கூடத்திலேயே செய்தோம். யார் எதுவரை ஏறினார்கள் என்பதில் தினமும் தகராறு வந்ததால் பாப்பா ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டு வாங்கி வந்தாள். விரல் எட்டிய இடத்தில் ஒரு பொட்டு. எனக்கு மெரூன், டீச்சருக்குக் கறுப்பு. பாஜி நீலம் எடுத்துக்கொண்டார். அக்காவிடம் அட்டையை நீட்டியதும் அவர் கையை இழுத்துக்கொண்டார். கணவர் இறந்து பத்தொன்பது வருடம், பொட்டு அட்டையைத் தொட்டதில்லை. "நெத்திக்கு இல்ல அக்கா, செவுத்துக்கு" என்றாள் பாப்பா. அக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பச்சையில், இருப்பதிலேயே பெரியதாகப் பார்த்து உரித்தார். கடைசி வாரம் எல்லாருக்கும் மேலே இருந்தது அந்தப் பச்சைப் பொட்டுதான்.

ஜூலை 3

பூஸ்ட் நாலும் முடிந்தது! இன்று நிம்மதியாகத் தூங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். கரண்ட் நின்றதும் தோல் ஆறிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். முடிந்த பிறகு ஒன்றிரண்டு வாரத்தில்தான் அது உச்சத்துக்குப் போகும். பயப்படவேண்டாம், அப்புறம் தானாக இறங்கும். நீர் கோத்தாலோ, நாற்றம் வந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே போய்க் காட்டுங்கள். அசதியும் சில வாரம் இருக்கும்.

ஜூலை 9

"எல்லாம் முடிந்துவிட்டது, ஆனால் காலை ஒன்பது மணிக்கு எங்கே போவதென்று தெரியாமல் அழுகை வருகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இது நடந்தபோது, என்னிடம் யாரும் இதைச் சொல்லிவைக்கவில்லை. ஊருக்குத் திரும்பினேன், எல்லாரும் பாயசம் வைத்தார்கள். நான் கொல்லைப்பக்கம் போய் அழுதேன். தினமும் நான்கு பேர் கோட்டைப் பார்த்து, தோலைப் பார்த்து, சாப்பிட்டாயா என்று கேட்டார்கள். திடீரென்று ஒருவரும் இல்லை. வீட்டில் இருப்பவர்களுக்கு நாம் குணமானவர்கள்.

நான்காம் நாள் காலை ஏழு மணிக்கு எனக்கு ஒரு மிஸ்டு கால் வந்தது. பாஜி. அவருக்கு இன்னும் ஆறு நாள் பாக்கி இருந்தது. மெஷின் ஓடுகிறதாம்.

உங்கள் பெஞ்சில் இன்னும் முடியாதவர்கள் இருப்பார்கள் அல்லவா? நாளைக்குக் காலை அவர்களில் ஒருவருக்குப் போன் செய்யுங்கள்.

ஜூலை 24

அக்காவிடம் இன்று பேசினேன். ஆடிப்பட்டத்துக்குக் கடலை விதைத்துக்கொண்டிருக்கிறார். கையுறை போடாமல் களைக்கொட்டு பிடிப்பதில்லை, கீறல் விழுந்தால் கை வீங்கிவிடும் என்று டாக்டர் சொன்னது நினைவிருக்கிறதாம். மோட்டார் கொட்டகைக் கூரையை எட்டித் தொட்டு மகனிடம் காட்டினாராம். உங்களைப் பற்றிச் சொன்னேன். "அந்தப் பொண்ணு ஒழுங்கா செவுரு ஏறுதா" என்று கேட்டார். உங்கள் நம்பரையும் கேட்டார். கொடுக்கட்டுமா?